எதால? எப்போ? எவ்வளவு?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நான் குடியிருந்த ஃப்ளாட்டில், எனக்கு நேர் மேல் வீட்டில் ஒரு மிஸ்ஸி இருந்தார். நர்ஸை எங்கள் பக்கம் மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். அவருக்குப் பெயர் இருந்தது. கீழே தபால் பெட்டியில் எழுதியும் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அவர் மிஸ்ஸிதான்.

அவரை நான் முதலில் பார்த்தது அரசாங்கக் கிளினிக்கில், கட்டுப் போடும் அறையில். எனக்கு ஹார்ட்வேர் கடையில் வேலை. உள்ளங்கை கிழிந்து, துண்டைச் சுற்றிக்கொண்டு போயிருந்தேன். கடையில் மூத்த ஆள் ஒருவன், நான் மெதுவாக வேலை செய்கிறேன் என்று ஒரு தகரத் துண்டை என் மேல் விட்டெறிந்திருந்தான். அதை வெளியில் சொல்லப் பயம். சொல்லாமல் மறைக்க ஒரு பொய் வேண்டும். எனக்கோ உண்மையைச் சொல்லவே நாக்கு எழாது. பெஞ்சில் உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருந்தேன்.

மிஸ்ஸி துண்டைப் பிரித்தார்.

“எதால?”

“தகரம் மிஸ்ஸி.”

“புதுசா, துருப்பிடிச்சதா?”

“பழசு.”

“எப்போ?”

“சாப்பாட்டுக்கு முந்தி.”

“ரத்தம் எவ்வளவு போச்சு? ஊறுச்சா, சொட்டுச்சா?”

அவ்வளவுதான். ஊசி போட்டார், தையல் போட்டார், கட்டினார். யார், ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. வெளியே வந்தபோது கை வலித்தது. மனசு லேசாக இருந்தது. உலகத்தில் எல்லோரும் இப்படியே இருந்துவிட்டால் எனக்குக் கஷ்டமே இல்லை என்று நினைத்தேன்.

தையல் பிரிக்கப் போன அன்று எனக்கு முன்னால் ஒருவர், காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மிஸ்ஸி அவருடைய கையை விலக்கிப் பார்த்தார்.

“எதால?”

“கதவு இடிச்சிருச்சு மிஸ்ஸி.”

“சரி. கதவுக்குப் பல்லு இருந்துச்சா?”

அவர் முழித்தார்.

“இல்ல, பல்லு இருந்தா வேற ஊசி போடணும். பல்லு இல்லாத கதவுன்னா வேற. அதான் கேட்டேன்.”

அவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துவிட்டு, “பல்லு இருந்துச்சு மிஸ்ஸி,” என்றார். அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். மிஸ்ஸி சிரிக்கவில்லை. கதவு யாருடையது என்றும் கேட்கவில்லை.

ஓய்வு பெற்று எங்கள் ஃப்ளாட்டுக்கு அவர் குடிவந்த பிறகுதான் இது வேலைக்காக வைத்திருந்த பழக்கம் இல்லை, அவருடைய சுபாவமே அதுதான் என்று தெரிந்தது. ஒரு நாள் மேல் மாடியிலிருந்து யாரோ எதையோ ஊற்றி, காய்ந்துகொண்டிருந்த அவர் சேலை நாசமாகிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் மேலே பார்த்துக் கத்தியிருப்பார்கள். மிஸ்ஸி சேலையை முகர்ந்து பார்த்து, “இது மீன் கழுவுனதா, இல்ல சோப்புத் தண்ணியா? மீனுன்னா எலுமிச்சை போடணும்,” என்று உள்ளே போய்விட்டார். மாடிப்படியில் யாரோ விளக்கை உடைத்தபோதும் அப்படித்தான். கண்ணாடிச் சில்லு எந்தப் பக்கம் சிதறியிருக்கிறது என்று குனிந்து பார்த்து, கல்லா பந்தா என்று கண்டுபிடித்தார். யார் எறிந்தது என்பதில் அவருக்கு அக்கறையே இல்லை.

ஒரு தடவை தைரியமாக, ஏன் என்று கேட்டேன்.

“யாருன்னு கேட்டா அடுத்த தடவ அடிபட்டா வரமாட்டாங்க தம்பி. வீட்டுலயே மஞ்சப்பத்து போட்டுக்கிட்டு சீழ் பிடிச்சு கெடப்பாங்க. கேக்காம இருந்தா வருவாங்க. நமக்கு ஆளு வர்றதுதான முக்கியம்?”

அது எனக்குப் பெரிய நியாயமாகப் பட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவருடைய அக்கா வந்து சேர்ந்தார். போர்ட் கிள்ளானில் இருந்தவர். கணவர் துறைமுகத்துக்கு லோரி ஓட்டியவர், இறந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அவரை நான் ஆன்டி என்று கூப்பிடுவேன். லோரிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். மேலே அவர் பேசினால் கீழே என் தட்டு அதிரும். நெற்றியில், வகிட்டுக்குப் பக்கத்தில், ஒரு பழைய தழும்பு.

வரும்போது கோடு போட்ட பெரிய பிளாஸ்டிக் பை ஒன்றைக் கொண்டுவந்தார். அதை அலமாரிக்குள் வைக்கவே இல்லை. கதவுக்குப் பக்கத்தில் நிற்கும். சேலையைத் துவைப்பார், காயவைப்பார், மடித்துத் திரும்பப் பைக்குள் வைப்பார். யார் கேட்டாலும், “மாசக் கடைசியில கெளம்பிருவேன் லா,” என்பார். மாதங்கள் போயின. அவர் கிளம்பவும் இல்லை, பையைப் பிரிக்கவும் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து ரயில் பாதையைப் பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பாடு சரியாக இறங்கவில்லை என்று மிஸ்ஸி சொன்னார்.

“இருந்துருங்கன்னு நீங்க சொல்லலாமே மிஸ்ஸி,” என்றேன்.

“சொன்னா ஏன்னு கேப்பா. அப்புறம் எங்க போவன்னு நான் கேக்கணும். வேணாம் தம்பி.” பிறகு சொன்னார்: “அக்கா கையால ஒரு செடிய நட்டுட்டா, அத விட்டுட்டு எங்கயும் போகமாட்டா. அது எனக்குத் தெரியும். ஆனா இந்த ஃப்ளாட்ல மண்ணுக்கு எங்க போறது?”

அந்த நேரத்தில்தான் அவர் ஸ்ரீ கெம்பாங்கான் போய்விட்டு வந்தார். கூட வேலை செய்த சீன மிஸ்ஸி ஒருவர் வீட்டில், கார் நிறுத்தும் இடத்தில், மண்ணே இல்லாமல் வாளித் தண்ணீரில் கீரை வளர்க்கிறார்களாம். அன்று மாலையே கடைக்கு வந்து நின்றார். முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி ஆகியிருந்தது.

“தம்பி, மூடி போட்ட காலி பெயிண்ட் வாளி இருக்கா? குழாயும் வேணும். ஆனா எப்படின்னு நீயும் வந்து பாரு, எனக்கே பாதிதான் புரிஞ்சுது.”

பின்பக்க பால்கனியில் வேலை நடந்தது. வாளிகளை வரிசையாக வைத்தோம். வெளிச்சம் உள்ளே போனால் பாசி பிடிக்கும் என்று வெளிப்புறம் கறுப்பு அடித்து, வெயிலுக்காக அதன் மேல் வெள்ளையும் அடித்தோம். ஒவ்வொரு மூடியிலும் வட்டமாக வெட்டி, அடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்றைத் தொங்கவிட்டோம். கிண்ணத்தில் செங்கல் துண்டும் கரியும், அதில் நாற்று. வேர் கிண்ணத்தைத் தாண்டி இறங்கித் தண்ணீரில் மிதக்க வேண்டும். வேருக்கு மூச்சு முட்டாமலிருக்க மீன்தொட்டிக் காற்று மோட்டார். அதிலிருந்து வாளிக்கு ஒரு மெல்லிய டியூப். டியூப்பை எல்லாம் மிஸ்ஸி பழைய சலைன் டியூப் மாதிரியே மடித்து, பிளாஸ்டர் ஒட்டிக் கட்டினார்.

வாளிகளை அடிப்பக்கம் குழாயால் ஒன்றோடொன்று இணைத்தோம். கடைசி வாளியில் ஒரு சின்ன பம்ப். அது தண்ணீரை முதல் வாளிக்குத் தள்ளும். அங்கிருந்து ஒவ்வொரு வாளியாகக் கடந்து திரும்பக் கடைசிக்கே வந்து சேரும்.

“இது டிரிப் இல்ல தம்பி, ரத்த ஓட்டம்,” என்றார் மிஸ்ஸி. “ஒரு வாளியில உரம் கரைச்சா எல்லா வாளிக்கும் போயிரும். பாரு, எவ்வளவு வசதி!”

ஆன்டி ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். “ரிட்டயரானதுக்கு அப்புறம் வீட்டுலயே வார்டு தொறந்துட்டா. தம்பி, பாத்து லா. அடுத்து உனக்கும் டியூப் சொருகிருவா.”

இணைக்கும் குழாயை நாங்கள் இரண்டு பேரும் மெல்லியதாகத் தேர்ந்தெடுத்துவிட்டோம். பம்ப் தள்ளுகிற வேகத்துக்குத் தண்ணீர் திரும்பி வரவில்லை. மறுநாள் முதல் வாளி நிரம்பி வழிந்து, கீழே என் பால்கனியில் காய்ந்த துணிமேல் கொட்டியது. நான் மேலே போவதற்குள் மிஸ்ஸியே ஓடி வந்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று கூச்சத்தோடு நின்றேன்.

“சொட்டுச்சா, தாரையா ஊத்துச்சா?” என்றார், மூச்சிரைக்க. “எப்போ ஆரம்பிச்சுது?”

பெரிய குழாய் போட்டோம். எல்லா வாளியிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றது. மிஸ்ஸி கைதட்டினார்.

முதல் வாளிகளில் சவி கீரை, லெட்டூஸ். கடைசி வாளியில் அக்காவுக்காக ஒரு கத்தரி. அதை அவர் கையாலேயே நடவைத்தார். ஆன்டி நட்டார், ஆனால் முகம் மாறவில்லை.

“இதுக்குத் தண்ணி?”

“அதுவே ஓடிக்கும்க்கா.”

“களை?”

“மண்ணு இருந்தாத்தான களை?”

“அப்ப நான் எதுக்கு இங்க?” என்று கேட்டுவிட்டு ஆன்டி உள்ளே போய்விட்டார். மிஸ்ஸி மோட்டார் சத்தத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வி அவர் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

செடிகள் வளர்ந்ததைச் சொல்ல வேண்டும். நான் வேலை முடிந்து போகும்போதெல்லாம் மிஸ்ஸி மூடியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுவார். வேர், வேகவைத்த சேமியா மாதிரி வெள்ளையாகத் தொங்கும். காற்றுக் குமிழிகள் அதில் ஒட்டி ஒட்டிப் பிரியும். வேரை நான் அதற்கு முன் மண் இல்லாமல் பார்த்ததில்லை. பார்க்கக்கூடாததைப் பார்ப்பது போலவும் இருந்தது, பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலவும் இருந்தது. மத்தியான வெயிலில் தண்ணீர் சூடாகாமலிருக்க ஐஸ் பாட்டில்களை வாளிக்குள் விடுவார். “காய்ச்சலுக்கு நெத்தியில துணி வைக்கிறதில்லையா, அதுதான் இது.”

ஒரு மத்தியானம் என் கதவைத் தட்டினார். “தம்பி வா, வா. எல்லாமே சாகுது. வந்து பாரு!”

யாராவது இதைச் சந்தோஷமாகச் சொல்வார்களா? அவருடைய முகத்தில் துக்கம் இருந்தது. அதற்கு மேலே ஆசையும் இருந்தது.

இலைகள் தொங்கிப் போயிருந்தன. மூடியைத் திறந்தால் தண்ணீர் கலங்கல், மேலே நுரை. வேர்கள் பழுப்பாகி வழுவழுத்தன. இழுத்தால் தோல் கையோடு வந்தது. ஒரு வாளி இல்லை, எல்லா வாளியும்.

தண்ணீரை வடிக்க நான் கடைசி வாளியின் குழாயைக் கழற்றினேன். வேகமாக இழுத்ததில் ரப்பர் வளையம் கிழிந்து, தண்ணீர் பீய்ச்சி அடித்தது. உள்ளங்கையை ஓட்டையில் வைத்து அழுத்திக்கொண்டேன். கையை எடுத்தால் எல்லா வாளித் தண்ணீரும் என் பால்கனிக்குத்தான் போகும்.

“அப்படியே பிடி தம்பி. துணி எடுத்துட்டு வரேன்,” என்ற மிஸ்ஸி, போகாமல் வாளியை முகர்ந்து பார்த்தார். “புளிச்ச வாடை. உரத்துக்கு இந்த வாடை வராதே. நுரை வேற... இது மாவு. அரிசி கழுவுன தண்ணி! கத்தரி வாளியிலதான் அடியில வெள்ளையா படிஞ்சிருக்கு. அப்ப அங்கதான் விழுந்திருக்கு. ஒரே நாள்ல இல்ல, தெனமும் கொஞ்சம்...”

சமையலறை வாசலில் ஆன்டி நின்றிருந்தார். இடுப்பில் முந்தானையைச் செருகியிருந்தார்.

“யாரு ஊத்துனான்னு கேளு,” என்றார்.

“அது எதுக்குக்கா? எப்படின்னு தெரிஞ்சுபோச்சு. மண்ணுல ஊத்துனா நல்லது, தண்ணியில ஊத்துனா அழுகிரும். அவ்வளவுதான்.”

“கேளு பாப்பா.”

அறுபதை நெருங்கும் மிஸ்ஸியை ஒருவர் பாப்பா என்று கூப்பிடுவதை அன்றுதான் கேட்டேன்.

“நான் கோவமா இல்லக்கா.”

“நீ கோவமா இல்லன்னுதான் சொல்றேன். கேளு!”

எனக்கு அங்கே நிற்கவே கூடாது என்று தோன்றியது. ஆனால் கை ஓட்டையில் இருந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டேன்.

“அன்னிக்கும் இதே மாதிரிதான் எதாலன்னு கேட்ட,” ஆன்டியின் குரல் இறங்கியிருந்தது. அந்தக் குரல் இறங்கி நான் கேட்டதில்லை. நெற்றித் தழும்பில் விரலை வைத்தார். “வெறகுக் கட்டைன்னு சொன்னேன். செதில் உள்ள இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாத்த. எப்போன்னு கேட்ட. தையல் போட்ட. கையெல்லாம் நடுங்காம, அழகா போட்ட. யாருன்னு ஒரு வார்த்த கேக்கல.”

“எனக்குத்தான் தெரியுமேக்கா.”

“ஒனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். கிள்ளான்ல ஆஸ்பத்திரி இல்லையா? மண்டை ஒடஞ்சு, துணிய வச்சு அமுக்கிக்கிட்டு, பஸ் ஏறி ஒன்கிட்ட எதுக்கு வந்தேன்? நீ கேப்பன்னு வந்தேன். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். வாயால சொல்லிட்டா, அதுக்கப்புறம் அந்த பஸ்ஸுல திரும்பி ஏற முடியுமா? நீ கேக்கல. கட்டு நனையாம பாத்துக்கன்னு சொன்ன. நான் போயிட்டேன்.”

காற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மிஸ்ஸி ஏதோ சொல்ல வாயெடுத்தார். கேட்டால் வரமாட்டார்கள், கேட்காவிட்டால் வருவார்கள் என்று என்னிடம் சொன்ன அதே நியாயத்தைத்தான் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. ஈரத் தரையில், கத்தரி வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அந்த நியாயத்தின் மேல் எனக்கிருந்த நம்பிக்கையும் அப்போது எங்கேயோ ஓட்டையாகிவிட்டது.

“நெத்தியில... யாருக்கா?” என்றார்.

அந்தச் சொல்லைச் சொல்லத் தெரியாதவர் சொல்வது போல இருந்தது.

ஆன்டி தழும்பிலிருந்து விரலை எடுத்தார். பிறகு, “அவருதான்,” என்றார். “ஒரு தடவ இல்ல.”

“ம்.”

“பாத்தியா, இவ்வளவுதான்.” முந்தானையால் முகத்தைத் துடைத்தார். “இந்தத் தண்ணி நான்தான் ஊத்துனேன். பாவமா இருந்துச்சு. வெறும் உப்புத் தண்ணிய குடிச்சுக்கிட்டு நிக்கிதேன்னு ஊத்துனேன். எனக்கும் செய்ய ஒரு வேல வேணும்ல?”

மிஸ்ஸி மூக்கை உறிஞ்சினார். “எவ்வளவு ஊத்துன?”

“ஒரு சொம்பு.”

“எப்போ?”

“ஒல வைக்கும்போது. தெனம்.”

“முழுச் சொம்பா?”

ஆன்டி சிரித்துவிட்டார். அழுகையும் சேர்ந்துதான் வந்தது. “சொன்னா திருந்துவாளா இவ! ஏய், அந்தத் தம்பி கையப் பாரு லா, நீலமாப் போச்சு!”

அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் மேலே போகவில்லை. கூச்சம். வாளிகளைக் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாடிப்படியில் ஆன்டி எதிரில் வந்தார். கையில் அந்தக் கோடு போட்ட பை.

கிளம்பிவிட்டார் என்று நினைத்தேன். நகர்ந்து வழிவிட்டு நின்றேன். அதுதான் என் பழக்கம். அவர் என்னைக் கடந்து இரண்டு படி இறங்கிய பிறகு எப்படியோ வாய் திறந்துவிட்டது.

“எங்க போறீங்க ஆன்டி?”

“மண்ணு அள்ள.” பையை விரித்துக் காட்டினார். உள்ளே ஒன்றுமில்லை, ஒரு பழைய கரண்டி மட்டும். “எனக்கு ஒரு வாளி தனியா வேணும்னு சொல்லிட்டேன். குழாயும் வேணாம், டியூப்பும் வேணாம். நான் ஊத்துனா அந்தச் செடிக்கு மட்டும்தான் போகணும். சும்மா நிக்கிறியே, வந்து தூக்கு.”

ரயில் பாதைச் சரிவிலிருந்து மண் அள்ளி வந்து பால்கனியில் கொட்டினோம். வரிசையின் கடைசியில், எதோடும் சேராமல் ஒரு வாளி. அதில் புதுக் கத்தரி நாற்று. மற்ற வாளிகளில் தண்ணீர் சுற்றத் தொடங்கியிருந்தது. ஆன்டியின் சேலைகள் பையிலும் இல்லை, உள்ளே கொடியிலும் இல்லை. அலமாரிக் கதவு சரியாக மூடாமல் பிதுங்கிக்கொண்டு நின்றது.

கை கழுவும்போது மிஸ்ஸி என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். தன் தையலைப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

“தம்பி,” என்றார். “அந்தத் தகரம். யாரு?”

இத்தனை வருஷத்துக்குப் பிறகு. கேட்காமல் விட்டதற்காகத்தான் அவரை எனக்குப் பிடித்தது என்று இங்கே முதலிலேயே எழுதியிருக்கிறேன். கேட்டபோது ஓடிவிடத் தோன்றவில்லை. சொன்னேன். தகரத்தை மட்டும் இல்லை, அதற்கு முன்னால் எறிந்ததையும், பின்னால் எறிந்ததையும் சேர்த்துச் சொன்னேன். நான் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியது அதுதான் முதல் தடவை.

மிஸ்ஸிக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. என் கையைப் பிடித்தபடியே அக்காவைப் பார்த்தார்.

“அவன் இன்னும் அதே கடையிலதான் இருக்கானா?” என்றார் ஆன்டி.

“இருக்கான் ஆன்டி.”

“காலையில எத்தன மணிக்கு கட தொறப்பீங்க?”

வந்தார். கடை வாசலில் நின்று ஆன்டி பேசியதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எதிர்ச் சாரி கடைக்காரர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். எங்கள் தௌக்கே, சீன முதலாளி, அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் நடுவில் ஒரு தடவை தலையாட்டினார். அதற்குப் பிறகு அந்த ஆள் என் பக்கம் எதையும் எறியவில்லை.

மிஸ்ஸியும் கூட வந்திருந்தார், கொஞ்சம் பின்னால், ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு. எல்லாம் முடிந்து திரும்பும்போது என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்: “தம்பி, வாளிக்கு அந்த ரப்பர் வளையம் இன்னொண்ணு இருக்கா? அது எதால கிழிஞ்சுதுன்னு எனக்கு இன்னும் புரியல.”